கூம்பு ஒலிபெருக்கியும் மெம்ஃபிஸ் எதிரொலியும்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனத் துறைத்தலைவர் அவர்கள் பணித்தபொழுது, சீறாப்புராணம் பற்றியோ குணங்குடியாரின் கண்ணிகள் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பார். பணிக்காலம் முழுதும் அவற்றைத்தான் கற்பித்தோம். ஆயின் ஓய்வு பெற்ற பின்னர், கடந்த மூன்றாண்டுகளாக நாம் மாணவராயிருந்து கற்று வருவது வேறொன்று. 1950களில் அமெரிக்காவில் எழுந்த ராக் அண்ட் ரோல் என்னும் இசையில் மின்கிதார் வாசித்தோர் கையாண்ட முறைகளும், அவர்கள் கருவியிலிருந்து பிறப்பித்த ஒலி விளைவுகளுமே அது. உள்ளத்தில் நிறைந்திருப்பதை விட்டு வேறொன்றை எழுதக் கை வரவில்லை. துறைத்தலைவர் பொறுத்தருள்க.

பள்ளிவாசல் முத்தவல்லி அவர்கள் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மை நிறுத்தினார். நம் வீட்டு மாடியிலிருந்து வரும் ஓசை அவர் செவிக்கும் எட்டியிருந்தது. "பேராசிரியரே, திக்ரு செய்ய வேண்டிய வயதில் இது எதற்கு?" என்றார். வினா நேர்மையானது. நம்மிடம் அப்பொழுது விடை இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இசை கேட்டலைப் பற்றித் தம் இஹ்யாவில் தனியொரு பகுதியே எழுதியுள்ளார்கள். கூடும் என்பாருக்கும் கூடாது என்பாருக்கும் இடையே பல நூற்றாண்டுகளாக உரையாடல் நிகழ்ந்து வருகிறது. தந்திக் கருவிகளைப் பொறுத்தமட்டில் இமாம் அவர்கள் கண்டிப்பானவர்களே என்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை. நாம் ஃபத்வா சொல்லும் தகுதியுடையோம் அல்லோம். நம்மைப் பற்றிய செய்தியை மட்டும் சொல்ல முடியும்.

நம் தங்கை மகன் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் புறப்பட்டபொழுது தன் மின்கிதாரையும், சிறியதோர் ஆம்ப்ளிபயரையும், காலால் மிதித்து இயக்கும் விளைவுப் பெட்டி ஒன்றையும் நம் வீட்டில் விட்டுச் சென்றான். "மாமா, சும்மா கிடந்தால் ஈரம் ஏறிவிடும். அவ்வப்போது மின்சாரம் கொடுத்து வையுங்கள்" என்பதே அவன் இட்ட பணி. அப்பெட்டிக்குள் எண்ணிட்ட பல்வேறு ஒலிகள் அடங்கியிருந்தன. ஒருநாள் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி, திறந்த தந்தி ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் எண்ணில் வந்தவுடன் கை நின்றுவிட்டது. தட்டிய ஒலி ஒருமுறை கேட்டது. உடனே, இமை தட்டும் நேரத்துக்குள், அதன் நிழல்போல் மற்றொருமுறை கேட்டு அடங்கியது. அவ்வளவே. இந்த ஒலியை எங்கோ கேட்டிருக்கிறோமே எனத் திகைத்தோம்.

விடை கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அது நாம் பிறந்து வளர்ந்த தெருவின் ஒலி. மீலாது விழா இரவுகளில் தெருவின் மின்கம்பங்களில் கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டுவார்கள். இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் குரல் நம் வீட்டருகே உள்ள கூம்பிலிருந்து முதலில் வரும். அடுத்த கம்பத்துக் கூம்பிலிருந்து அதே சொல் சற்றுப் பிந்தி வரும். நம் அத்தா திண்ணையில் அமர்ந்து, கண்களை மூடி, இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். கம்பத்துக்கும் கம்பத்துக்கும் இடைவெளி நாற்பத்தைந்து மீட்டர் எனக் கொண்டால், பின்வரும் ஒலி நொடியில் நூற்றில் பதின்மூன்று பங்கு, அதாவது 130 மில்லிநொடி பிந்தும். மருமகனின் பெட்டியில் அந்த எண்ணுக்குரிய அளவைப் பார்த்தோம். 130 என்றே இருந்தது!

அந்த எண்ணுக்கு அவர்கள் இட்டிருந்த பெயர் 'ஸ்லாப்பேக்'. அறைந்து திரும்புவது என்று பொருள் கொள்ளலாம். அதன் பிறப்பிடத்தைத் தேடிப் புறப்பட்டதே நம் கல்வியின் தொடக்கமாயிற்று.

டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில், யூனியன் அவென்யூ 706ஆம் எண் கட்டடத்தில் சாம் பிலிப்ஸ் என்பவர் 1950இல் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார். பின்னாளில் சன் ஸ்டூடியோ எனப் புகழ்பெற்றது அதுவே. 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயது இளைஞர் அங்கே பாடினார். உடன் கிதார் வாசித்த ஸ்காட்டி மூர், தம் சகோதரரின் சலவைக் கடையில் வேலை பார்த்தவர். பில் பிளாக் என்பவர் பெரிய பாஸ் கருவியை மீட்டினார். மூவரே, முழவு அடிப்பார் இல்லை. அந்த வெறுமையை நிரப்பப் பிலிப்ஸ் செய்த வழி எளியது. ஓர் ஒலிநாடாப் பொறியில் பதிவாகும் ஒலியை மற்றொரு பொறியின் வழியே செலுத்தினார். நாடா பதியும் முனையிலிருந்து படிக்கும் முனைக்குச் செல்லச் சிறிது நேரம் ஆகுமன்றோ? அந்தத் தாமதமே எதிரொலியாயிற்று. இல்லாத முழவின் வேலையை அந்த எதிரொலி செய்தது.

கூடத்துக்கு வெளியே மேடையில் இதே ஒலி வேண்டுமெனில் என் செய்வது? ரே பட்ஸ் என்பவர் ஆம்ப்ளிபயர்ப் பெட்டிக்குள்ளேயே நாடாச் சுழல் ஒன்றைப் பொருத்தி 'எக்கோசானிக்' எனப் பெயரிட்டார். 1955இல் ஸ்காட்டி மூர் ஒன்றை வாங்கினார். இப்பெட்டிகளுள் எழுபதுக்கும் குறைவானவையே செய்யப்பட்டன. பட்ஸ் வாழ்ந்த ஊரின் பெயர் கெய்ரோ! எகிப்தின் தலைநகரன்று, இல்லினாய் மாநிலத்தில் அதன் பெயரைத் தாங்கிய சிற்றூர்.

அவர் வாசிப்பு முறையைக் கற்பதுதான் நம்மைப் படுத்திவிட்டது. வலக்கைப் பெருவிரல் கீழ்த்தந்திகள் இரண்டை மாறி மாறித் தட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். அது தவறாத நடை. அதே கையின் மற்ற விரல்கள் மேல்தந்திகளில் பாட்டினை எடுக்க வேண்டும். ஒரு கைக்குள் இரண்டு பேர் குடியிருப்பது போல. மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் ஆகியோரிடமிருந்து ஸ்காட்டி மூர் பெற்ற வழி இது. சிலப்பதிகாரத்துக் கானல்வரி, யாழிசைக்கும் விரற்செயல்கள் எட்டினைப் பெயர் சுட்டி எண்ணுகிறது. ஆண்டுதோறும் அப்பகுதியை வகுப்பில் உரையாசிரியர் துணையோடு விளக்கியிருக்கிறோம். ஆனால் நம் பெருவிரல் நம் சொற்கேளாமல் நின்ற அந்த மாதங்களில்தான், அவை வெறும் பெயர்கள் அல்ல, ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய பல்லாண்டு உழைப்பு என்பது உறைத்தது.

நான்கு மாதம் கழித்து, பெருவிரல் ஒருவாறு பணிந்தபின், அலைபேசியில் பதிந்து ஷார்ஜாவுக்கு அனுப்பினோம். மருமகன் மறுமொழி சுருக்கமாக இருந்தது: "நன்றாக இருக்கிறது மாமா. எக்கோவை அணைத்துவிட்டு ஒருமுறை வாசித்து அனுப்புங்கள்." அணைத்து வாசித்தோம். வெட்கமாயிற்று. நிமிடத்துக்கு 115 தட்டு என்னும் வேகத்தில், ஒரு தட்டின் கால்பங்கு ஏறத்தாழ 130 மில்லிநொடி. நம் கை ஒழுங்காக வாசித்தால் எதிரொலி அந்தக் கால்பங்கில் வந்து விழுந்து, முழவுபோல் ஒலிக்கும். நாமோ முன்னும் பின்னுமாகத் தட்டிவிட்டு, எதிரொலி அதைப் பூசி மெழுகியதைக் கண்டு நம் திறமை என எண்ணியிருந்தோம். அன்றிலிருந்து பெட்டியை அணைத்து வைத்தே பயின்றோம்.

அப்பெட்டியின் மற்ற எண்களின் வரலாற்றைத் தேடத் தேட ஒரு செய்தி விளங்கிற்று. இன்று காசு கொடுத்து வாங்கும் பொத்தான்களில் பல, ஏதோ ஒரு குறையிலிருந்தோ பழுதிலிருந்தோ பிறந்தவை. 1951இல் அதே மெம்ஃபிஸ் கூடத்துக்கு ஐக் டர்னரின் குழு வந்தது. வரும் வழியில் கிதார்க்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிபயர் பழுதாகி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கெட்டுவிட்டது. வேறு வாங்க வழியில்லை. பிலிப்ஸ் அதனுள் காகிதத்தைத் திணித்து, கரகரத்த அந்த ஒலியோடேயே பதிந்தார். 'ராக்கெட் 88' என்ற அப்பாடலையே முதல் ராக் அண்ட் ரோல் பதிவு என்பாரும் உளர். 1958இல் லிங்க் ரே என்பவர், அத்தகைய கரகரப்பை வேண்டி, நல்ல ஸ்பீக்கரையே பென்சிலால் குத்தித் துளையிட்டார். அவர் காசநோயால் ஒரு நுரையீரலை இழந்தவர். பாடுவது அரிதாகவே, கிதாரைப் பேச வைத்தார். 'ரம்பிள்' என்ற அவருடைய இசையில் ஒரு சொல்லும் இல்லை; இருந்தும் சில வானொலி நிலையங்கள் அதனை ஒலிபரப்ப மறுத்தன. தெருச்சண்டையைக் குறிக்கும் அந்தத் தலைப்பே போதுமானதாயிற்று. (நாம் ஸ்பீக்கரைக் குத்தவில்லை. பொருள் மருமகனுடையது.)

இதன் இயக்கம் கடினமானதன்று. ஒலியலை தன் எல்லைக்கு மேல் எழ முயலும்பொழுது வால்வோ ஸ்பீக்கரோ அதன் உச்சியைத் தட்டையாக்கிவிடும். உச்சி தட்டையானால் மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பல புதிதாகத் தோன்றும். அவற்றையே நம் செவி கரகரப்பு என்கிறது. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றில், பதிவுப் பலகையின் ஒரு வழி கெட்டிருந்தமையால் கிராடி மார்ட்டின் வாசித்த பாஸ் கிதார் வண்டு முரல்வதுபோல் பதிந்தது. அப்பழுதை ஆராய்ந்து அதே ஒலியைத் தரும் சிறு சுற்று ஒன்றை அமைத்தனர். 1962இல் அது 'ஃபஸ் டோன்' என்னும் மிதியாகக் கடைக்கு வந்தது. பழுது பண்டமாயிற்று.

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் எதிரொலி அறை கட்டப் பொருளில்லாமல், 2000 காலன் கொள்ளும் வெற்று நீர்த்தொட்டி ஒன்றை வாங்கி, உள்ளே ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்து டுவேன் எடியின் கிதாருக்கு ஆழம் தந்தனர். 1955இல் போ டிட்லி பயன்படுத்திய நடுக்கொலிப் பெட்டி இன்னும் விந்தையானது. மின்சாரம் கடத்தும் நீர்மம் நிறைந்த கண்ணாடிக் குப்பியை ஒரு மோட்டார் ஆட்டும். நீர்மம் அலையும்போதெல்லாம் ஒலி ஏறி இறங்கும். தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு செய்தி: ஒலியின் அளவு ஏறி இறங்குவது 'டிரெமலோ', சுரம் ஏறி இறங்குவது 'விப்ராட்டோ' என்பது இசைவழக்கு. ஃபெண்டர் நிறுவனத்தார் தம் ஆம்ப்ளிபயரிலும் கிதாரிலும் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி இட்டுவிட்டனர். இன்றுவரை கிதார்க்காரர் அந்தப் பிழைவழக்கையே பேசுகின்றனர். வழூஉச் சொல் வழக்காறாகி நிலைபெறுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இத்துறையில் நம்மவர் செவிக்கு அணுக்கமான செய்தியும் ஒன்றுண்டு. கிதார் என்னும் சொல், கிரேக்கத்தின் 'கிதாரா', அரபியின் 'கீதாரா' வழியே ஸ்பானியத்துக்கு வந்தது என்பர். 1962இல் டிக் டேல் வாசித்துப் புகழ்பெற்ற 'மிஸர்லூ' என்னும் மெட்டு கிழக்கு மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் வழங்கியது. மிஸ்ர் நாட்டுப் பெண் என்பதே அதன் பொருள். டேலின் தந்தைவழியினர் லெபனானியர்; தந்தையின் உடன்பிறந்தார் ஊத் என்னும் அரபுக் கருவி வாசிப்பவர். ஒரே தந்தியில் ஒரு பாட்டை வாசிக்க முடியுமா என ஒரு சிறுவன் கேட்க, ஊதின் ஒற்றைத் தந்தியில் தம் உறவினர் வாசித்தது நினைவுக்கு வந்து, இம்மெட்டை அவர் அதிவேகமாக வாசித்தாராம். அந்த வேகம் நமக்குக் கைகூடவில்லை. கைகூடும் என்ற நம்பிக்கையும் இல்லை.

சக் பெர்ரியின் வழி சற்றே இணங்கியது. இரண்டு தந்திகளைச் சேர்த்தடித்து, ஒன்றை மெட்டின்மேல் ஒதுக்கி இழுத்துச் சுரத்தை உயர்த்துவார். வீணையில் கமகம் இழுக்கும் செயலே அது. அவர் அதனை டி-போன் வாக்கர், கார்ல் ஹோகன் முதலிய முன்னோரிடமிருந்து பெற்றார். அக்காலத்துத் தந்திகள் தடித்தவை. இன்றைய மெல்லிய தந்தியிலேயே நம் மோதிரவிரல் தோல் உரிந்தது.

முன்னோரைத் தேடிச் சென்றபொழுதுதான் சிஸ்டர் ரோஸெட்டா தார்ப் அவர்களைக் கண்டோம். 1915இல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. தாயாரும் ஊர் ஊராகச் சென்று தேவாலயங்களில் பாடியவர். மகள் ஆறு வயதிலேயே கிதாரோடு உடன் நின்றார். 1938இல் பதிவுக் கூடத்துக்கும் இரவு விடுதி மேடைக்கும் சென்று, அதே இறைப்பாடல்களை அங்கும் பாடினார். தேவாலயத்தார் பலர் மனம் நொந்தனர். தம்மை வளர்த்த மக்களே முகம் திருப்பியது அவருக்கு எத்தகைய துயரமாக இருந்திருக்கும்! ஆயினும் அவர் பாடுவதையும் விடவில்லை, இறைவனையும் விடவில்லை. 1964இல் மான்செஸ்டர் நகரில், கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றில் அவர் வாசித்ததைத் தொலைக்காட்சிக்காகப் படமெடுத்துள்ளனர். மழைநாள், எதிர்ப்புற நடைமேடையில் மக்கள் அமர்ந்திருக்கின்றனர், மேலங்கி அணிந்த அந்த அம்மையார் வெண்ணிறக் கிதாரைத் தோளில் மாட்டி, மழையைப் பற்றிய இறைப்பாடலைத் தொடங்குகிறார். நடுவே அவர் வாசிக்கும் தனி இசையில் சக் பெர்ரியும் ஸ்காட்டி மூரும் செய்தவற்றின் சாயல் இருக்கிறது. 1973இல் மறைந்த அவருடைய அடக்கத்தலம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெயர்க்கல்லின்றிக் கிடந்தது. ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் சக் பெர்ரிக்கு 1986இலேயே இடம் கிடைத்தது, இவருக்கோ 2018இல்தான்.

அந்தப் படத்தைக் கண்ட இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் ரோஸெட்டா அம்மையார் மட்டுமல்லர்.

1979இல், பத்தொன்பது வயதில், விடுதிச் செலவுக்கு அத்தா தந்த பணத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கிதார் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டு சென்றோம். தோல் மண்டியில் கணக்கெழுதி வந்த அத்தா அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏசவில்லை. "இதை யார் முன்னால் வாசிப்பாய்?" என்று மட்டும் கேட்டார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. அடுத்த வாரமே அதனை விற்றுவிட்டோம். அத்தாவின் விருப்பத்துக்குப் பணிந்தோம் என்று நெடுங்காலம் பெருமையோடு எண்ணியிருந்தோம். இருபத்தோராண்டு கழித்து, இறுதி நோயில் படுத்திருந்தபொழுது, ஒருநாள் மாலை அவராகவே கேட்டார்: "ஒரு கிதார் வாங்கி வந்தாயே, அதை என்ன செய்தாய்?" விற்றதைச் சொன்னோம். சிறிது நேரம் முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "நான் விற்கச் சொல்லவில்லையே. கேள்விதானே கேட்டேன்" என்றார். அதன் பிறகு அதுபற்றிப் பேச இறைவன் எங்களுக்கு நேரம் தரவில்லை.

முத்தவல்லி அவர்களின் கேள்வி வந்தபொழுது நாம் ஏன் வாயடைத்து நின்றோம் என்பது இப்பொழுது வாசகர்க்கு விளங்கும். முன்னொரு கேள்வியை விலக்காணையாகப் பிழைபடக் கொண்டவர் நாம். இம்முறை அவசரப்படவில்லை. கிதாரை விற்கவுமில்லை, அவரோடு வாதிடவுமில்லை. தொழுகை நேரங்களில் ஒலி எழாது என்றும், இரவு ஒன்பதுக்கு மேல் வாசிப்பதில்லை என்றும் அவரிடம் உறுதியளித்தோம்.

சென்ற ரமலானுக்கு முந்திய மாதம், வக்ஃபு ஆவணம் ஒன்றின் பழந்தமிழ் நடையைப் படித்துக் காட்டுமாறு கேட்டு முத்தவல்லி அவர்கள் நம் வீட்டுக்கு வந்தார். மாடிப்படியில் அவர் ஏறி வந்ததை நாம் அறியவில்லை. அன்று, பல மாதம் கழித்து முதன்முறையாக, எதிரொலியை இயக்கி வைத்து, பெருவிரல் நடையை மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தோம். எதிரொலி அதனதன் இடத்தில் வந்து விழுந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நிற்கிறார். பதறி எழுந்து ஆம்ப்ளிபயரை அணைத்தோம்.

அவர் நாற்காலியில் அமர்ந்து, மூச்சு வாங்கியபின், "இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே. மீலாது ராத்திரியில் கம்பத்துக்குக் கம்பம் கட்டுவோமே, அது மாதிரி இருக்கிறது" என்றார். அக்காலத்தில் ஒலிபெருக்கிகளுக்குக் கம்பி இழுத்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை அன்றுதான் அறிந்தோம். இரண்டு கம்பங்களுக்கிடையே எத்தனை அடி வயர் வேண்டும் என்று விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். 150 அடி. நம் கணக்கும் ஏறத்தாழ அதுவே.

ஆவணத்தைப் படித்து முடித்தோம். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "இருந்தாலும் பேராசிரியரே, இது எதற்கு என்று நான் கேட்டது அப்படியேதான் இருக்கிறது" என்றார். "ஆமாம், நானும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்" என்றோம். மஃரிபுக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் படியிறங்கினோம்.